பெட்டியும் கோடும் போதும். சாப்ட்வேர் பிறகு பார்க்கலாம்

கம்ப்யூட்டர் துறையில் வேலை தேடுபவர்களிடம் இப்போது அதிகம் அடிபடும் பெயர் பிசினஸ் அனலிஸ்ட். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை, பி.காம்., பி.ஏ. படித்தவர்களும் இந்த வேலைக்குச் செல்லலாம் என்பதே இதற்குக் காரணம். ஒரு நிறுவனத்தின் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கேட்டறிந்து, அதற்கு என்ன மாதிரியான சாப்ட்வேர் தேவை என்பதை புரோகிராமர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதுதான் இவரது பணி.

இதற்கான பயிற்சி வகுப்புகளின் விளம்பரங்களைப் பாருங்கள். எக்ஸெல், பவர் பிஐ, விசியோ, ஜிரா எனப் பெயர்கள் வரிசையாக இருக்கும். மூன்று மாதம் படித்து முடித்தால், எந்த மெனுவில் எந்த கட்டளை இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால், "எங்கள் லாரி ஆபீஸுக்கு ஒரு சாப்ட்வேர் வேண்டும், என்னென்ன டேட்டா வைத்துக் கொள்ள வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது.

என் கருத்து இதுதான். ஒரு தொழிலில் என்னென்ன பொருட்கள், மனிதர்கள், ஆவணங்கள் இருக்கின்றன, அவை ஒன்றோடு ஒன்று எப்படி இணைகின்றன என்பதைப் படமாக வரையக் கற்றுக் கொள்வதே முதல் பாடம். அந்தப் படத்தை, அந்தத் தொழிலைச் செய்பவரிடமே காட்டித் திருத்தி வாங்குவது இரண்டாவது பாடம். சாப்ட்வேர் எல்லாம் அதற்குப் பின்னர்தான். இந்த இரண்டு பாடங்களையும் கற்க வல்லூர், அத்திப்பட்டு, எண்ணூர் பகுதி இளைஞர்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி பலருக்குக் கிடைக்காதது. ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் அனல்மின் நிலையம், நடுவே கண்டெய்னர் யார்டுகள், கழிமுகத்தில் மீன்பிடித் தொழில். பாடப் புத்தகத்தில் வரும் உதாரணங்கள் எல்லாம் இங்கு சாலையிலேயே ஓடிக் கொண்டிருக்கின்றன.

டொமைன் மாடல் என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட தொழில் அல்லது துறையை கம்ப்யூட்டர் மொழியில் டொமைன் என்கின்றனர். அதில் உள்ள முக்கிய விஷயங்களையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் படமே டொமைன் மாடல். அதில் எந்தெந்தத் தகவல்களைச் சேமிக்க வேண்டும் என்ற விபரத்தையும் சேர்த்தால் டேட்டா மாடல் கிடைக்கும்.

இது புதிய சமாச்சாரம் அல்ல. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970ல், டேட்டாவை டேபிள்களாகப் பிரித்து வைக்கும் ரிலேஷனல் முறையை வெளியிட்டார். 1976ல் பீட்டர் சென், என்டிட்டி ரிலேஷன்ஷிப் என்ற வரைபட முறையைத் தந்தார். சுருக்கமாக இதனை ஈ.ஆர். படம் என்பார்கள். 1997ல் யூ.எம்.எல். என்ற பொதுவான வரைபட மொழி தரப்படுத்தப்பட்டது. 2003ல் எரிக் எவன்ஸ் டொமைன் டிரிவன் டிசைன் பற்றி எழுதிய நூலில், தொழில் செய்பவரும் புரோகிராமரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். பிசினஸ் அனலிஸ்ட்களுக்கான சர்வதேச அமைப்பான ஐ.ஐ.பி.ஏ. 2015ல் வெளியிட்ட வழிகாட்டி நூலின் மூன்றாவது பதிப்பு, இந்தப் பணிக்கான உத்திகளாக 50ஐப் பட்டியலிடுகிறது. டேட்டா மாடலிங், கான்செப்ட் மாடலிங், டேட்டா டிக்ஷனரி ஆகிய மூன்றும் அதில் உண்டு.

படத்தில் மூன்றே விஷயங்கள்தான். பொருளுக்கு ஒரு பெட்டி. அது என்டிட்டி. பெட்டிக்குள் அந்தப் பொருளைப் பற்றிய தகவல்கள். அவை அட்ரிபியூட். இரண்டு பெட்டிகளை இணைக்கும் கோடு, ரிலேஷன்ஷிப். கோட்டின் முனையில் ஒன்றா, பலவா என்று குறிக்க வேண்டும். பல என்றால் கோட்டின் முனையைக் காகத்தின் கால் போல மூன்றாகப் பிரித்து வரைவது வழக்கம். இதற்கு மேல் தெரிந்து கொள்ள வேண்டிய குறியீடுகள் இருந்தாலும், தொடங்குவதற்கு இவை போதும்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? எல்லோரும் அனுபவித்த ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டு பார்க்கலாம்.

மின் இணைப்பில் ஒரு பாடம்

வல்லூர் அனல்மின் நிலையத்தில் தலா 500 மெகாவாட் திறன் கொண்ட மூன்று யூனிட்கள், மொத்தம் 1,500 மெகாவாட். அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் வீட்டுக்கு வரும்போது, அது ஒரு மின் இணைப்பு எண்ணாக நம் கைக்கு வருகிறது. 2022 நவம்பரில், இந்த இணைப்பு எண்ணுடன் ஆதார் எண்ணை இணைக்க வேண்டும் என்று அப்போதைய டான்ஜெட்கோ அறிவித்தது. தமிழ்நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு அதே கேள்விகள். வாடகை வீட்டில் இருக்கிறோம். யாருடைய ஆதாரைத் தர வேண்டும்? இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது, என்ன செய்வது? ஒரே வீட்டில் மூன்று மீட்டர் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே ஆதார் கொடுத்தால் 100 யூனிட் இலவச மின்சாரம் போய்விடுமா?

இலவச மின்சாரம் தொடரும் என்று அரசுத் தரப்பில் விளக்கம் தர வேண்டியதாயிற்று. இணைப்பதற்கான ஆன்லைன் படிவத்திலும், நீங்கள் உரிமையாளரா, வாடகைதாரரா, உரிமையாளர்தான் ஆனால் இணைப்பின் பெயர் மாற்றப்படவில்லையா என்று தேர்வு செய்திட இடம் தரப்பட்டது.

இப்போது இதனைப் படமாக வரைந்து பாருங்கள். "நுகர்வோர்" என்று ஒரு பெட்டி, "மின் இணைப்பு" என்று ஒரு பெட்டி, இடையே ஒரு கோடு என்று போட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் "நுகர்வோர்" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பேர் ஒளிந்திருக்கிறார்கள். வீட்டின் சொந்தக்காரர், கார்டில் பெயர் உள்ளவர், உண்மையில் குடியிருந்து பில் கட்டுபவர். மூவரும் ஒருவராகவே இருக்கலாம். மூன்று வேறு நபர்களாகவும் இருக்கலாம். மேலே சொன்ன கேள்விகளில் முதல் இரண்டு இந்த ஒரு சொல்லில் இருந்து பிறந்தவை. மூன்றாவது, ஒரு மனிதருக்கு எத்தனை இணைப்புகள் இருக்கலாம் என்ற கேள்வி. அது கோட்டின் முனையில் உள்ள காகத்தின் காலைப் பற்றியது.

எனவே "மனிதர்", "வீடு", "மின் இணைப்பு" என மூன்று பெட்டிகளை வரைந்து, மனிதருக்கும் இணைப்புக்கும் நடுவே "பங்கு" என்று நான்காவதாக ஒரு பெட்டி வைக்க வேண்டும். அதில் உரிமையாளரா, வாடகைதாரரா என்ற விபரமும், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை என்ற விபரமும் இருக்க வேண்டும். தேதி இல்லாத மாடலில், வாடகைதாரர் வீடு மாறிப் போன பின்னரும் அவருடைய ஆதார் பழைய வீட்டிலேயே ஒட்டிக் கொண்டிருக்கும்.

பத்து நிமிடம் பென்சிலும் காகிதமும் எடுத்து வரைந்தால், மக்கள் பின்னால் கேட்கப் போகும் கேள்விகள் முன்னாலேயே தெரிந்துவிடும். பிசினஸ் அனலிஸ்ட்டுக்குச் சம்பளம் தருவது இதற்காகத்தான்.

கண்டெய்னர் சொல்லும் பாடம்

வல்லூரைத் தாண்டித் துறைமுகச் சாலைக்கு வந்தால் டிரெய்லர் லாரிகளின் வரிசை. எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்திலும் அதை அடுத்த காட்டுப்பள்ளி துறைமுகத்திலும் கண்டெய்னர்கள் கையாளப்படுகின்றன. இந்தத் தொழிலை நம்பி டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்கள் பல இயங்குகின்றன. இப்படி ஓர் ஆபீஸில் கணக்கு எழுத எக்ஸெல் ஷீட் ஒன்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். தேதி, டிரெய்லர் எண், டிரைவர், கண்டெய்னர் எண், பார்ட்டி பெயர், வாடகை என காலங்கள். இதை டேட்டாபேஸாக மாற்றித் தரும்படி உங்களிடம் சொல்கிறார்கள்.

டேட்டாபேஸில் ஒவ்வொரு ரெகார்டையும் தனித்துக் காட்ட ஒரு கீ வேண்டும். கண்டெய்னர் எண்தான் பொருத்தமாகத் தோன்றும். ஐஎஸ்ஓ 6346 என்ற தரத்தின்படி உலகில் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனி எண் உண்டு. மூன்று எழுத்து உரிமையாளர் குறியீடு, வகையைக் காட்டும் ஓர் எழுத்து, ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் சரிபார்ப்பதற்கான ஓர் இலக்கம் என மொத்தம் 11 இடங்கள். தவறாக டைப் செய்தால் அந்தக் கடைசி இலக்கம் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அதையே கீயாக வைத்துவிடுவீர்கள். முதல் மாதம் எல்லாம் சரியாக நடக்கும்.

நான்கு மாதம் கழித்து அதே கண்டெய்னர், வேறு பார்ட்டியின் சரக்குடன் திரும்ப வரும். "இந்த எண் ஏற்கனவே உள்ளது" என்று கம்ப்யூட்டர் ஏற்க மறுக்கும். அல்லது பழைய ரெகார்டின் மீது புதியது பதிவாகி, பழைய வாடகைக் கணக்கு காணாமல் போகும். காரணம், அந்த எண் இரும்புப் பெட்டியின் அடையாளம். நீங்கள் பணம் வாங்குவது அந்தப் பெட்டி போய் வந்த டிரிப்புக்கு. "கண்டெய்னர்" ஒரு பெட்டி, "டிரிப்" இன்னொரு பெட்டி என்று படத்தில் வரைந்திருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும்.

அடுத்து கோடுகளின் முனையைப் பாருங்கள். ஒரு டிரிப்பில் ஒரு கண்டெய்னரா? நாற்பது அடி என்றால் ஒன்று. இருபது அடி என்றால் இரண்டு ஏற்றலாம். ஒரு கண்டெய்னரில் ஒரு பார்ட்டியின் சரக்கா? முழுக் கண்டெய்னர் என்றால் ஆம். சில்லறைச் சரக்காக வந்தால் பல பேருடைய சரக்கு ஒரே கண்டெய்னரில் இருக்கும். ஒரு பார்ட்டிக்கு ஒரு கண்டெய்னரா? ஒரே பில் ஆப் லேடிங்கில் பத்து கண்டெய்னர்கள் வரலாம். இப்படி இரு பக்கமும் பல என்று வந்தால், நடுவில் இன்னொரு பெட்டி வைத்துத்தான் தீர்க்க வேண்டும். ஒரு காலத்தில் "அ அன் கோ, ஆ டிரேடர்ஸ்" என்று கமா போட்டு இரண்டு பெயர்களை எழுதியிருந்தால், அங்கே ஒரு பெட்டி விடுபட்டிருக்கிறது என்று அறிந்து கொள்ளுங்கள்.

இதெல்லாம் டெக்னிகல் விஷயம் என்று நினைக்க வேண்டாம். "வந்து சேர்ந்த நேரம்" என்று ஒரு காலம் இருக்கிறது. எது வந்து சேர்ந்த நேரம்? சாலையில் வரிசையின் கடைசியில் வண்டி நின்ற நேரமா, கேட்டில் பதிவான நேரமா? கேட் நேரம் ஒன்றுதான் மாடலில் இருந்தால், அதற்கு முன் டிரைவர் சாலையில் காத்துக் கிடந்த மணிக்கணக்கு எந்த ரிப்போர்ட்டிலும் வராது. ஹால்டிங் கேட்டால், "சிஸ்டத்தில் இல்லையே" என்ற பதில் கிடைக்கும். இந்த வித்தியாசம் ஆபீஸ் மேனேஜருக்குத் தோன்றாமல் போகலாம். டிரைவருக்கு நன்றாகத் தெரியும். படத்தை டிரைவரிடமும் காட்ட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நிலக்கரிக்கு எத்தனை எடை?

கண்டெய்னருக்கு எண் உண்டு. நிலக்கரிக்குக் கிடையாது. காமராஜர் துறைமுகம் 2001ல் செயல்படத் தொடங்கியதே முக்கியமாக அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகத்தான். கப்பலில் வரும் நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி யார்டில் குவிகிறது. நேற்று வந்த கப்பலின் கரியும் இன்று வந்ததும் ஒரே குவியலில் கலந்துவிட்டால், "இன்று எரிந்தது எந்தக் கப்பலின் கரி?" என்ற கேள்விக்கு நேரடியான பதில் இல்லை. இங்கே தனித்தனிப் பொருளை வரையக் கூடாது. குவியலையும், அதில் சேர்ந்த அளவையும் எடுத்த அளவையும் வரைய வேண்டும்.

எடை என்று ஒரு அட்ரிபியூட் போட்டால் அதிலும் சிக்கல் வரும். கப்பல் ஆவணத்தில் ஓர் எடை. கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடும் டிராப்ட் சர்வே எடை இன்னொன்று. பெல்ட்டில் உள்ள தராசு காட்டுவது மூன்றாவது. ஈரப்பதம் கூடினால் எடை கூடும், காய்ந்தால் குறையும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதை விட்டுவிட்டால், வித்தியாசம் ஏன் வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எடை, யார் அளந்தது, எங்கே, எப்போது என்ற நான்கையும் சேர்த்து "அளவீடு" என்று ஒரு பெட்டி வைப்பதுதான் சரி. நிலக்கரி யார்டில் ஒரு மாதம் வேலை பார்த்தவருக்கு இது சாதாரண விஷயம். ஏ.சி. அறையில் அமர்ந்து மாடல் வரைபவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

குடும்பம் என்றால் யார்?

மேலே பார்த்ததில் எல்லாம் பணமும் நேரமும்தான் வீணாகும். ஒரு பெட்டியை எப்படி வரையறுக்கிறோம் என்பதில் மனிதர்களின் வாழ்க்கையே இருக்கிறது என்பதற்கு எண்ணூரிலேயே உதாரணம் உள்ளது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்துடன் எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் பாழாகின; மீன்பிடித் தொழில் நின்றது. தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000, மற்றும் 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500. மொத்தம் சுமார் ரூ.8.68 கோடி.

இந்த அறிவிப்பை டேட்டா மாடல் கண்ணோடு படித்துப் பாருங்கள். மீனவர் குடும்பம், படகு, மற்ற குடும்பம் என்று மூன்று என்டிட்டிகள். இதைப் பட்டியலாக்கும் ஷீட்டை வடிவமைக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், முதலில் கேட்க வேண்டியது குடும்பம் என்றால் என்ன என்பதைத்தான். அரசுக் கணக்கில் குடும்ப அட்டை ஒன்று என்றால் குடும்பம் ஒன்று. ஊர்க் கணக்கில் அப்படி இல்லை. ஊர் வரி, கோயில் வரி எல்லாம் தலைக்கட்டு கணக்கில் வசூலாகும். அப்பா, கல்யாணமான இரண்டு மகன்கள் ஒரே கார்டில் இருந்தாலும், ஊருக்கு அவர்கள் மூன்று தலைக்கட்டாக இருக்கலாம். கம்ப்யூட்டரில் எந்தக் குடும்பத்தை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். கையில் கிடைக்கும் தொகையும் மாறும்.

அடுத்தது படகு. ஒரு படகுக்கு ஒரு சொந்தக்காரரா? அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய படகு இருக்கலாம். படகு ஒருவருடையது, வலை இன்னொருவருடையது, தொழிலுக்குப் போவது வேறு ஒருவர் என்றும் இருக்கலாம். சேதமானது வலை என்றால் அதற்குப் பெட்டி எங்கே?

மூன்றாவதாக, படகே இல்லாதவர்கள். எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் உண்டு. அதில் பெண்களும் உண்டு. படகை மையமாக வைத்து மாடல் வரைந்தால், இவர்களைச் சேர்க்க அதில் இடமே இருக்காது. கணக்கெடுக்கச் செல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பார்மில் இல்லாத கட்டத்தை அவரால் நிரப்ப முடியாது. "தொழில் செய்பவர்" என்ற பெட்டியை முதலில் வைத்து, படகு அவரிடம் இருந்தால் மட்டும் அதற்குக் கோடு போடும் மாடலில் அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். ஒரு கோட்டின் முனையில் "கட்டாயம்" என்று போடுவதா, "இருக்கலாம்" என்று போடுவதா என்ற சின்ன முடிவுதான் இது. ஈ.ஆர். படத்தில் ஒரு சிறு வட்டம்.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் "பாடு" என்று ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த முறையில் வலை போடலாம் என்பதை மீனவர்கள் தங்களுக்குள் பிரித்துக் கொள்ளும் உரிமை அது. வெளியூர் அனலிஸ்ட் இந்தச் சொல்லைக் கேட்டால், கஷ்டப்பாடு பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து விட்டுவிடுவார். ஆனால் அந்தத் தொழிலில் இடம், நாள், ஆள் மூன்றையும் இணைக்கும் நடுப் பெட்டியே பாடுதான். வட்டாரச் சொல் தெரிந்தவர்தான் இந்தப் பெட்டியைக் கண்டுபிடிப்பார்.

எப்படிக் கற்பது?

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் காகிதம், பென்சில், ரப்பர் இருந்தால் போதும். ஒரு மாதத்திற்கான திட்டம் கீழே தரப்படுகிறது.

முதல் வாரம்: உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுத்துக் கொள்ளுங்கள். மளிகைக் கடை, மீன் ஏலம், ஒர்க் ஷாப், சுய உதவிக் குழு என எதுவாகவும் இருக்கலாம். அந்தத் தொழில் செய்பவரை அரை மணி நேரம் பேச விட்டு, அவர் சொல்லும் பெயர்ச் சொற்களை எல்லாம் அவர் சொல்லும் விதத்திலேயே எழுதுங்கள். நீங்களாக இங்கிலீஷில் மாற்ற வேண்டாம்.

இரண்டாம் வாரம்: முக்கியமான சொற்களுக்குப் பெட்டி போட்டு, கோடுகளால் இணையுங்கள். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு பக்கமும் வாக்கியமாகப் படிக்க வேண்டும். "ஒரு டிரிப்பில் ஒன்று அல்லது இரண்டு கண்டெய்னர் போகும். ஒரு கண்டெய்னர் பல டிரிப்பில் போகும்." இப்படி வாய்விட்டுப் படித்தால் தவறு தானாகத் தெரியும். முதல் படத்தில் பத்து பெட்டிகளுக்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் வாரம்: ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். இதுதான் டேட்டா டிக்ஷனரி. ஒரே சொல்லை இருவர் இரண்டு விதமாகப் பயன்படுத்தினால் இரண்டு பெட்டி. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒரே பெட்டி.

நான்காம் வாரம்: ஒவ்வொரு பெட்டியையும் ஒரு எக்ஸெல் ஷீட்டாக்கி, கடந்த மாதத்தின் உண்மையான பில்களில் இருந்து இருபது ரெகார்டுகளை நிரப்பிப் பாருங்கள். எங்கேயாவது தடுக்கினால் படத்தைத் திருத்துங்கள். பின்னர் அதை அந்தத் தொழில்காரரிடம் காட்டி, "இதில் என்ன தப்பு?" என்று கேளுங்கள். "சரியா?" என்று கேட்டால் மரியாதைக்காக "சரி" என்றுவிடுவார்.

காகிதத்தில் படம் நிலைத்த பின்னர் கம்ப்யூட்டரில் வரையலாம். டிரா.ஐஓ இலவசம், இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் இயங்கும் டெஸ்க்டாப் பதிப்பும் உண்டு. லிப்ரே ஆபீஸ் டிரா, மைஎஸ்கியூஎல் ஒர்க்பெஞ்ச் ஆகியவையும் இலவசமே. மைக்ரோசாப்ட் அக்செஸ் பழகியவர்களுக்கு அதில் உள்ள ரிலேஷன்ஷிப்ஸ் விண்டோ ஏற்கனவே தெரிந்திருக்கும். யூனிகோட் வந்துவிட்டதால் பெட்டிகளுக்குத் தமிழிலேயே பெயர் கொடுக்கலாம். எழுத்துரு தகராறு இப்போது இல்லை.

இன்டர்வியூவில் இங்கிலீஷ்தானே கேட்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். தொழில்காரரிடம் காட்டும் படம் தமிழில் இருக்கட்டும். டேட்டா டிக்ஷனரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இங்கிலீஷ் பெயரை எழுதி வையுங்கள். இன்டர்வியூவுக்கு அந்தப் படத்தின் இங்கிலீஷ் பிரதியை எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பலர் வரலாம். தான் வரைந்து, தொழில்காரரிடம் திருத்தி வாங்கிய மாடலைக் கொண்டு வருபவர் சிலராகவே இருப்பர்.

ஏ.ஐ. வரைந்து தராதா?

தரும். ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால் இன்றைய ஏ.ஐ. சாப்ட்வேர்கள் சில நொடிகளில் ஈ.ஆர். படத்தை வரைந்து தருகின்றன. அழகாகவும் இருக்கும். முதல் வரைவுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் நீங்கள் எழுதிக் கொடுக்காததை அது எங்கிருந்து அறியும்? தலைக்கட்டுக்கும் குடும்ப அட்டைக்கும் உள்ள வித்தியாசம், சாலை வரிசைக்கும் கேட் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், கையால் இறால் பிடிப்பவர் இருக்கிறார் என்ற செய்தி ஆகியவை நேரில் சென்று கேட்டவருக்குத்தான் கிடைக்கும். படத்தில் தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் ஒருமுறையாவது கையால் வரைந்து பழகியிருக்க வேண்டும்.

வேகமாக வேலை செய்யும் காலத்தில் படம் வரைந்து கொண்டிருக்க நேரமில்லை என்பது இன்னொரு வாதம். அறுபது பக்கத்தில் தேவைகளை எழுதி யாரும் படிக்காமல் வைப்பதைவிட, ஒரு பக்கப் படத்தை டிரைவரில் இருந்து மேனேஜர் வரை ஐந்து பேர் பார்த்துத் திருத்துவது நேரத்தை மிச்சப்படுத்தவே செய்யும்.

கண்டெய்னர் யார்டிலும் நிலக்கரி யார்டிலும் டேட்டா என்ட்ரி செய்யும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தினமும் டைப் செய்யும் ஸ்கிரீனை யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து வடிவமைத்திருக்கிறார். அதில் எந்தக் கட்டம் தேவையில்லாதது, எந்தக் கட்டம் இல்லாமல் ரிமார்க்ஸ் காலத்தில் எழுதுகிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த ரிமார்க்ஸ் காலத்தைக் கடந்த மூன்று மாதத்திற்குப் படித்துப் பாருங்கள். அடிக்கடி வரும் சொல் எதுவோ, அதுதான் அந்த சாப்ட்வேரில் விடுபட்ட பெட்டி. அதை வரைந்து உங்கள் சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். பிசினஸ் அனலிஸ்ட் வேலையை அன்றே தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.